மூன்று மணி பத்து நிமிடம்

பண்ணைப்புரம்
11 பிப்ரவரி 2002

ஷெரின்,

உன் முகவரியைப் போடி பஜாரில் உங்கள் ஏலக்காய்க் கடைக்குப் போய் உன் அண்ணனிடம் வாங்கினேன். அவர் எழுதிக் கொடுத்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான இருந்தீக, ஒனக்கே தெரியாதா?" என்று கேட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் ஊருக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது. எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். பெங்களூர் ஆய்வகத்தில் போன ஜூன் பதினாலாம் தேதி சாயங்காலம் நீ எனக்கு ஷிஃப்டை ஒப்படைத்தபோது நைட்ரஜன் வால்வு திறந்திருந்ததா, மூடியிருந்ததா?

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். தப்பிருந்தால் திருத்து.

காலை ஷிஃப்ட் உன்னுடையது. குளிர்ப்பெட்டிக்குள், துகள் போகும் தடத்தைப் பதியும் இருபத்திரண்டு பிக்சல் சென்சார்கள் சோதனையில் இருந்தன. ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு சிலிக்கான் வில்லை. பெட்டி உறைநிலைக்குக் கீழே பத்து டிகிரியில் இருந்தது. ஈரக்காற்று உள்ளே புகாமல் இருக்க, உலர்ந்த நைட்ரஜன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று மணிக்கு சிலிண்டர் தீர்ந்து நீ புதியதை மாட்டினாய். "சிலிண்டர் மாற்றப்பட்டது, வால்வு திறந்தாயிற்று" என்று பதிவுப் புத்தகத்தில் உன் கையெழுத்தில் இருக்கிறது. நாலு மணிக்கு நான் வந்து அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். நாலரைக்கு மின்னழுத்தத்தை முன்னூறு வோல்ட்டுக்கு ஏற்றினேன். பெட்டிக்குள் பொறி பறந்தது. திறந்து பார்த்தால் சென்சார்கள் மேல் ஈரம் பனியாகப் படிந்திருந்தது. இருபத்திரண்டும் போயின. ஆறு மாத வேலை. வால்வு இறுக மூடியிருந்தது.

விசாரணையில் நீ என்னைப் பார்க்காமல் பேசினாய். "நான் திறந்துவிட்டுத்தான் போனேன். சங்கிலி எதையாவது சரிசெய்யப் போய்த் தவறுதலாக மூடியிருக்கலாம்" என்றாய். விசாரித்த நம் பேராசிரியர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எனக்கு ஒப்பந்தம் ரத்து. உனக்கு அடுத்த மாதமே ஜெர்மனி.

ஷிஃப்டுக்குப் பொறுப்பேற்பவர் நைட்ரஜன் ஓட்டத்தைக் காட்டும் அளவுமானியைப் பார்க்க வேண்டும் என்பது விதி. நான் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. பார்க்காமல் விட்டிருந்தால் அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க்காமல் விட்டது வேறு, என் கையாலேயே மூடியது வேறு. நான் மூடினேனா? ஏழு மாதமாக யோசிக்கிறேன். சில நாள் மூடியது போலவே ஞாபகம் வருகிறது. வால்வின் சில்லிப்பு கூட உள்ளங்கையில் தெரிகிறது. அது நிஜமா, நீங்கள் எல்லோரும் சொன்னதால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

ஒரு வரி போதும்.

சங்கிலியம்மாள்


ஹாம்பர்க்
6 மார்ச் 2002

அன்புச் சங்கிலி,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததுமே நெஞ்சு நிறைந்துவிட்டது. இங்கே இன்னும் பனி விட்டபாடில்லை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிட்டது. நம் ஹாஸ்டல் அறையில் நீ ஊரிலிருந்து கொண்டுவரும் திராட்சையைப் பிளாஸ்டிக் வாளியில் கழுவித் தின்போமே, அந்த நினைப்பில்தான் பாதி நாள் ஓடுகிறது.

நீ இங்கே இருந்திருக்க வேண்டியவள், அதை நான் எப்போதும் சொல்வேன். சென்சார்களைப் பொருத்திச் செய்த எங்கள் புது மாட்யூல்களைப் பார்த்தால் நீ அசந்துபோவாய். ஒரு துகள் பறந்து போனால் எந்தக் கட்டத்தின் வழியாகப் போனது என்பதை முடியிழையைவிட மெல்லிய அளவுக்குச் சொல்லிவிடுகிறது. எப்போது போனது என்பதையும்தான். ஒரு நொடியை நாலு கோடித் துண்டாக நறுக்கினால் அதில் எந்தத் துண்டு என்று சொல்கிறது. சோதிக்கும் பொறுப்பு பாதிக்கு மேல் என் கையில். இதெல்லாம் ஜெனீவா பக்கம் பூமிக்கு அடியில் கட்டும் பெரிய கருவிக்குள் போகப்போகிறது.

நீ கேட்டதற்கு வருகிறேன். அன்று எனக்கு என்ன தெரியுமோ அதை விசாரணையில் சொல்லிவிட்டேன். திரும்பத் திரும்ப அதையே நினைத்து உன்னை நீயே வருத்திக்கொள்ளாதே. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. உனக்காக ஞாயிறுதோறும் ஜெபிக்கிறேன். நீ கெட்டிக்காரி, வேறு வாசல் திறக்கும்.

அப்பா அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன்,
ஷெரின்


பண்ணைப்புரம்
9 ஜனவரி 2004

ஷெரின்,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய சாக்லேட் டப்பாவை உன் அண்ணன் கடைப்பையன் கொண்டுவந்து கொடுத்தான். அதற்கு முந்தின வருடமும் வந்தது. நான் கேட்டது அது இல்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. உத்தமபாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல். காந்தத்தைச் சுற்றி இரும்புத்தூள் தூவிக் காட்டுகிறேன். பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது.

வடுகபட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் கூட்டுறவு வங்கியில் இருக்கிறார். பூ வைக்க நாள் குறித்தார்கள். அதற்குள் அவர்கள் ஆள் விட்டு விசாரித்திருக்கிறார்கள். பெங்களூர் ஆய்வகம் எனக்கு அனுப்பிய நீக்கக் கடிதம் ஊருக்கு வந்த அன்று நான் வீட்டில் இல்லை. அப்பா அதை டீக்கடையில் உட்கார்ந்திருந்த ஊராட்சி கிளர்க் சுருளியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம். சுருளி, "மாமா, ஒம்ம மக வெளிநாட்டுச் சாமான ஒடச்சுப் போட்டுருச்சாம், அதான் அனுப்பிட்டாக" என்று அத்தனை பேர் முன்னால் அர்த்தம் சொன்னான். இரண்டு வருடத்தில் அந்தப் பேச்சு வடுகபட்டிக்குப் போய்ச் சேர்ந்தபோது உடைத்தது எடுத்ததாகிவிட்டது. மாப்பிள்ளையின் தாயார் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, "சாமான் காணாமப் போச்சுன்னு சொல்றாக, நாங்க எதையும் கேக்கல, நீங்களும் எதையும் சொல்ல வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். சம்பந்தம் அதோடு நின்றது.

அப்பா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. "ஒடச்சியா, எடுத்தியா, ஏதாவது ஒண்ணச் சொல்லு ஆத்தா" என்றார். நான் "தெரியலப்பா" என்றேன். அவருக்கு அது விளங்கவில்லை. எடுத்தியா என்றதற்குக் கூட ஏன் தெரியல என்று சொன்னேன் என்று பிறகு யோசித்தேன். இரண்டரை வருடமாக எந்தக் கேள்விக்கும் அந்தப் பதில்தான் முதலில் வாயில் வருகிறது.

சாக்லேட்டைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன். இனி அனுப்பாதே.

சங்கிலியம்மாள்


பண்ணைப்புரம்
20 ஆகஸ்ட் 2006

ஷெரின்,

இது புகார்க் கடிதம் இல்லை. ஒரு காரியமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நம் ஆய்வகத்தில் டெக்னீஷியனாக இருந்த ராஜமணி அண்ணன் ஓய்வு பெற்று, சொந்த ஊரான தேவதானப்பட்டிக்கே வந்துவிட்டார். போன மாதம் அவரைப் பார்க்கப் போனேன். பேச்சுவாக்கில், "பழைய பேப்பரெல்லாம் கழிச்சு விட்டாக, மனசு வராம இத மட்டும் எடுத்து வச்சேன் தாயி" என்று ஒரு சுருளை எடுத்துக் கொடுத்தார். அடுத்த அறையில் பெட்டியின் ஈரப்பதத்தைப் பேனாவால் கோடு இழுத்துக்கொண்டே இருக்குமே ஒரு ரிக்கார்டர், அதன் தாள். ஜூன் 14, 2001.

கோடு மூன்று மணி வரை தரையோடு தரையாகப் போகிறது. மூன்று பத்துக்கு மேலே ஏற ஆரம்பிக்கிறது. பிறகு இறங்கவே இல்லை. நான் ஆய்வகத்துக்குள் வந்தது நாலு மணிக்கு. வாசல் பதிவேட்டில் அது இருக்கிறது.

அந்தத் தாளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பெரியகுளம் தாண்டுவதற்குள் ஐந்தாறு முறை பிரித்துப் பார்த்திருப்பேன்.

நகல் எடுத்துப் பேராசிரியருக்கு அனுப்பினேன். பதில் போட்டார். அந்த ரிக்கார்டரின் கடிகாரம் அடிக்கடி ஒரு மணி நேரம் வரை பிசகும், ஆகவே இந்தத் தாளை மட்டும் வைத்து முடிவை மாற்ற முடியாது, ஷெரின் தன் வாக்குமூலத்தைத் திருத்தித் தந்தால் மறுபரிசீலனை செய்கிறேன் என்கிறார்.

இப்போது ஏன் இது அவசரம் என்றால், கொல்கத்தாவில் ஓர் ஆய்வகம் சிலிக்கான் சென்சார் சோதிக்கத் தெரிந்த ஆட்களைத் தேடுகிறது. வயது வரம்பு முப்பத்தைந்து. எனக்கு முப்பத்து மூன்று முடிந்துவிட்டது. விண்ணப்பத்தில் முந்தைய வேலையிலிருந்து ஏன் விலக்கப்பட்டாய் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அந்தக் கட்டத்தை நிரப்ப எனக்கு உன் ஒரு வரி வேண்டும். "வால்வைத் திறந்தேனா என்பது எனக்கு உறுதியாகத் தெரியவில்லை" என்று எழுதினால் கூடப் போதும். நீதான் மூடினாய் என்று சொல்லச் சொல்லவில்லை.

செப்டம்பர் 30 கடைசி நாள்.

சங்கிலியம்மாள்


ஹாம்பர்க்
15 செப்டம்பர் 2006

அன்புச் சங்கிலி,

உன் கடிதத்தைப் படித்து மூன்று நாள் தூக்கமில்லை. உனக்கு நல்லது நடக்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்படுகிறவர்கள் இருக்க மாட்டார்கள், நம்பு.

ஆனால் நீ கேட்பதை யோசித்துப் பார். ஐந்து வருடம் கழித்து "எனக்கு உறுதியில்லை" என்று நான் எழுதினால் அது அந்த ஒரு வால்வோடு நிற்காது. இங்கே எண்ணூறு மாட்யூல்களுக்கு மேல் "சோதிக்கப்பட்டது, சரி" என்று என் கையெழுத்து இருக்கிறது. அன்று எழுதியதை நம்ப முடியாது என்றால் இவற்றை எப்படி நம்புவது என்று கேட்பார்கள். கேட்பது நியாயம்தானே? நூறு பேருடைய உழைப்பு அது. என்னுடைய ஒப்பந்தமும் இந்த வருடம் மறுபரிசீலனையில் இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை.

ரிக்கார்டர் தாளைப் பற்றிப் பேராசிரியர் சொன்னது சரி. அந்தக் கடிகாரத்தை நம்பி யாரும் எதையும் சொல்லிவிட முடியாது. உனக்கே தெரியும், எத்தனை முறை அதை நாமே திட்டியிருக்கிறோம்.

உன் திறமையையும் நடத்தையையும் பற்றி ஒரு சான்றிதழ் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். மனதாரத்தான் எழுதியிருக்கிறேன். விண்ணப்பத்தோடு இணைத்துக்கொள். கட்டாயம் உதவும்.

கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார்.

உன்,
ஷெரின்


பண்ணைப்புரம்
4 ஜனவரி 2007

ஷெரின்,

கொல்கத்தாவிலிருந்து கூப்பிடவில்லை. உன் சான்றிதழை நான் இணைக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீ போடிக்கு வந்திருந்தாய். எனக்கு யாரும் சொல்லவில்லை. டிசம்பர் 27 சாயங்காலம் எங்கள் தோட்டத்துக்குப் போகிற பாதை முக்கில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. அப்பா திராட்சைப் பந்தலுக்குள் கொடிகளைக் கவாத்து வெட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "ஒரு காரு அங்கன வந்து கால்மணி நேரம் நின்னுச்சு. உள்ள ஒரு பொம்பளப் புள்ள. வழி கேக்கப் போறாகளோன்னு கிட்டப் போனேன். கண்ணாடிய எறக்கவே இல்ல. திருப்பிக்கிட்டுப் போயிட்டாக" என்றார். முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த உங்கள் ஏலக்காய்க் கடைப் பெயரையும் சொன்னார்.

கால் மணி நேரம் உட்கார்ந்து என்ன பார்த்தாய்? நான் அப்போது வீட்டில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். இருநூறு அடி தூரம். உனக்கு நினைவிருக்கட்டும், எங்கள் அப்பா பெயர் வீரணன். உன் கார் கண்ணாடிக்கு வெளியே நின்றவர் அவர்தான்.

சங்கிலியம்மாள்


ஹாம்பர்க்
14 ஏப்ரல் 2009

சங்கிலி,

இந்தக் கடிதத்தை நாலு நாளாக எழுதுகிறேன். பெரிய வெள்ளி ஆராதனையில் முழங்கால் போட்டிருந்தபோது, இதற்கு மேல் என்னால் முடியாது என்று தோன்றியது. இனி எதையும் மறைக்கவில்லை.

அன்று மூன்று மணிக்கு சிலிண்டரை மாற்றினேன். மாற்றுவதற்கு முன்பே "வால்வு திறந்தாயிற்று" என்று எழுதிவிட்டேன். நாம் எல்லோரும் அப்படித்தான் செய்வோம், எழுதிவிட்டுச் செய்வது. புது சிலிண்டரை மாட்டி முடித்து ஸ்பேனரைக் கீழே வைக்கிறேன், அலுவலகத்திலிருந்து ஆள் ஓடி வந்து, ஜெர்மனியிலிருந்து போன், லைனில் இருக்கிறார்கள் என்றார். நேர்முகத் தேர்வு போன். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினேன். நாற்பது நிமிடம் பேசினார்கள். முடிவில் எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். திரும்பி வந்தபோது கால் தரையில் பாவவில்லை. நீ வந்தாய். உன்னிடம் போன் விஷயத்தைச் சொல்லலாமா வேண்டாமா என்ற யோசனையில்தான் இருந்தேன். நீயும் அதே வேலைக்கு விண்ணப்பித்திருந்தாயே. சொல்லாமலே போய்விட்டேன்.

சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தபோது நானும் வந்தேன். நீ பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் வால்வைப் பார்த்தேன். அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது. நான் அதைத் திறக்கவே இல்லை. நீ அதைத் தொடவும் இல்லை சங்கிலி. உன் உள்ளங்கையில் சில்லிப்பு தெரிகிறது என்று எழுதினாயே, அந்த வரியை ஏழு வருடமாக மறக்க முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ரிக்கார்டர் கடிகாரம். அன்று காலை ஒன்பது மணிக்கு நான்தான் அதை ரேடியோ நேரத்தோடு நிமிடம் பிசகாமல் சரிசெய்தேன். 2006இல் அதை நம்ப முடியாது என்று உனக்கு எழுதும்போது எனக்கு இது ஞாபகம் இருந்தது. மூன்று பத்து என்பது மூன்று பத்துதான்.

எங்கள் கருவி போன வருடம் சுரங்கத்துக்குள் இறங்கிவிட்டது. விண்ணிலிருந்து வரும் துகள்களை வைத்து ஒத்திகை பார்த்தோம். திரையில் ஒரு கோடு வரும், புள்ளி புள்ளியாக, எந்தக் கட்டம் எந்தக் கணம் என்று. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய் நின்றேன்.

போன மாதம் என்னைப் பணியில் நிரந்தரமாக்கினார்கள். சந்தோஷப்பட முடியவில்லை. ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். உன்னையும் அப்பாவையும் நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்க அனுமதி கொடு.

ஷெரின்


பண்ணைப்புரம்
10 மே 2009

ஷெரின்,

கடிதம் 27ஆம் தேதி வந்தது. பள்ளி முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்று படித்தேன். "நீ அதைத் தொடவும் இல்லை" என்ற இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். சக ஆசிரியை கஸ்தூரியம்மாள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, "யாருக்கும் ஏதும் ஆயிருச்சா டீச்சர்?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீ கடிதத்தில் தேதிகளைச் சரியாக எழுதியிருக்கிறாய். நானும் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பெரிய வெள்ளி ஒவ்வொரு வருடமும் வந்தது. 2002இல் வந்தது. 2006இல் நான் ஒரு வரி கேட்டபோது உன் ஒப்பந்தம் மறுபரிசீலனையில் இருந்தது. இந்த மார்ச்சில் நிரந்தரமானது. ஏப்ரலில் உன்னால் முடியாமல் போனது. போன ஜூனோடு எனக்கு முப்பத்தைந்து முடிந்தது. நீ வேண்டுமென்றே கணக்குப் போட்டு எழுதினாய் என்று நான் சொல்லவில்லை. மனசாட்சி அதுவாகவே நேரம் பார்த்துக்கொண்டது போலிருக்கிறது.

வால்வை மறந்ததற்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. போன் வந்தால் யாரும் மறப்பார்கள். நானும் அளவுமானியைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து நின்று அன்றே அதைச் சொல்லியிருந்தால் ஆளுக்கொரு எச்சரிக்கையோடு போயிருக்கும். வால்வைப் பார்த்த பிறகும் சங்கிலி மூடியிருக்கலாம் என்று வாயைத் திறந்து சொன்னாயே, கோபம் அதற்குத்தான். கடிகாரத்தைச் சரிசெய்தது நீ என்று தெரிந்துகொண்டே அதை நம்ப முடியாது என்று எழுதினாயே, அதற்குத்தான்.

அப்பாவுக்கு உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டார். பிறகு, "அந்தப் புள்ளையா காருல வந்துச்சு?" என்றார். ஆமாம் என்றேன்.

ஆகஸ்டில் வராதே.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். உன் கடிதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தின் நகலும் ரிக்கார்டர் தாளின் நகலும் சேர்த்து, பெங்களூர் ஆய்வகத்துக்கு ஒன்றும் ஹாம்பர்க்கில் உன் குழுத் தலைவருக்கு ஒன்றும் நேற்று தேனி தலைமைத் தபால் நிலையத்தில் பதிவுத் தபாலில் சேர்த்தேன். எண்ணூறு மாட்யூல்களைப் பற்றிக் கேட்பது நியாயம்தானே என்று நீதான் எழுதினாய். நியாயம்தான். கேட்கட்டும். அவை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கின்றன என்று உன் கையெழுத்து இல்லாமலும் தெரியும்.

இதை நான் உனக்குத் தெரியாமலே செய்திருக்க முடியும். அப்படிச் செய்யப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

சங்கிலியம்மாள்


ஹாம்பர்க்
22 அக்டோபர் 2009

சங்கிலியம்மாளுக்கு,

குழுத் தலைவர் உன் உறையை மேஜைமேல் வைத்து, இது உன் கையெழுத்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எழுதியது உண்மையா என்றார். உண்மை என்றேன்.

சுரங்கத்துக்குள் போனவற்றை வெளியே எடுக்க முடியாது. மிச்சம் வைத்திருந்தவற்றில் நான் கையெழுத்திட்ட அறுபதை எடுத்து, என்னை உள்ளே விடாமல், நாலு மாதம் மறுபடி சோதித்தார்கள். ஒன்றுகூடத் தவறவில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் என்னைச் சோதனைப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். இப்போது வேறு கட்டிடத்தில் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிறேன். என்னிடம் யாரும் முகம் கோணவில்லை. கதவைத் திறக்கும் அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் உன்னை நம்பி எழுதிய கடிதம் அது. ஊரில் உள்ள சிநேகிதிக்கு எழுதியது. அதை நீ பதிவுத் தபாலில் போட்டாய். உனக்கு அந்த உரிமை இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் வலி குறையவில்லை. நான் நேரில் வந்திருந்தால், வாயால் சொல்லியிருந்தால், உன் கையில் எதுவும் இருந்திருக்காது. அதை நினைத்து ஒரு நாள் வருந்தினேன். வருந்தியதற்காக இன்னொரு நாள் வெட்கப்பட்டேன்.

பெங்களூரிலிருந்து எனக்கு ஒரு நகல் வந்தது. உன்மேல் எழுதிய குறிப்பைத் திரும்பப் பெறப்போகிறார்கள். உனக்கும் வரும். திருப்திதானே?

ஷெரின்


பண்ணைப்புரம்
7 பிப்ரவரி 2010

ஷெரின்,

பெங்களூர்க் கடிதம் போன புதன்கிழமை வந்தது. பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டாராம். கையெழுத்துப் போட்டிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. இரண்டு வரி. 2001இல் என்மேல் எழுதப்பட்ட குறிப்பு நீக்கப்படுகிறது என்பது முதல் வரி. இதைக் காட்டி எந்தப் பணிக்கும் உரிமை கோர முடியாது என்பது இரண்டாவது.

அறுபதும் சரியாக இருந்தன என்று எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியமில்லை. நீ வேலையில் கெட்டிக்காரி. உன் மாட்யூல்கள் தவறியிருந்தால் நான் சந்தோஷப்பட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஒரு நிமிடம் பட்டிருப்பேன். பிறகு பட்டிருக்க மாட்டேன். நாம் இரண்டு பேரும் சேர்ந்து கற்றுக்கொண்ட வேலை அது.

திருப்திதானே என்று கேட்டிருக்கிறாய். அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். அப்பா தோட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அவருக்கு முதுகு நிமிர்வதில்லை. கடிதத்தை வாசித்துத் தமிழில் சொன்னேன். நின்றபடியே கேட்டார்.

"அப்ப ஒம்மேல தப்பில்லன்னு எழுதிட்டாக."

"ஆமாப்பா."

"திரும்ப வேலைக்கு வரச் சொல்றாகளா?"

"இல்லப்பா."

அந்தத் தாளைக் கையில் வாங்கினார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மேலே இருந்த முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"பெறகு என்னத்துக்கு ஆத்தா இத அனுப்புனாக?" என்றார்.

தாளை என் கையில் கொடுத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

சங்கிலியம்மாள்